முன்னூற்றுப் பதினேழு

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விமலன் எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வயிற்றெரிச்சல் மட்டும் பழையபடி. உன் பிரஷரும் கார்த்திகாவின் இருமலும் இப்போது எப்படி?

தமிழில் பேனா பிடித்துப் பத்து வருடமாவது இருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் நம் கிள்ளான் தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்லாதே. அத்தானை எரித்துவிட்டு வந்த அன்று வாசலில் நின்று, "உன் குரலே எனக்குக் கேக்க வேணாம். சொல்றது ஏதாச்சும் இருந்தா எழுதிப் போடு" என்றாய். இரண்டு மாதமாக நானும் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இது.

அன்று நான் நேரத்துக்கு வராதது தப்பு. ஆனால் அதே நாளில்தான் எங்கள் கம்பெனியின் அறிமுக விழா. மேடையில் பேச வேண்டியவன் நான். நொவாரி இனி வெறும் போன் செய்கிற கம்பெனி இல்லை அக்கா. போன வருஷம் தொடங்கிய போட்டோ சேவையோடு இனி பாட்டு, மெயில், கடையில் பணம் கட்டுவது எல்லாமே எங்கள் சொந்த இன்டர்நெட் சேவையில் வரப்போகிறது. போனை விற்றால் ஒரு தடவைதான் கஸ்டமர். சேவையைக் கொடுத்தால் ஆயுசுக்கும் கஸ்டமர். பாஸ் இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கிள்ளான் பகுதியில் ஆள் சேர்த்ததில் நான்தான் முதலிடம், அது உனக்குத் தெரியும்.

கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது. குழந்தைக்கு என் முத்தம்.

உன் தம்பி,
விமலன்

தாமான் ஸ்ரீ அண்டலாஸ், கிள்ளான்
9 டிசம்பர் 2023

விமலனுக்கு,

குமுதா எழுதுவது. குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. என் பிரஷர் எனக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. உன் வயிற்றுக்கு நேரத்துக்குச் சாப்பிடு.

வராதது தப்பு என்று ஒரு வரியும் கம்பெனியைப் பற்றிப் பத்து வரியும் எழுதியிருக்கிறாய். அன்று நடந்ததை நீ பார்க்கவில்லை, நான் சொல்கிறேன். அவர் துறைமுகத்தில் கொன்டேய்னர் இறக்கும் வரிசையில் லோரிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். வரிசை நகர்ந்தும் லோரி நகரவில்லை என்று பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். மறுநாள் எடுக்கும் நேரத்தில், பிறந்த வீட்டுக் கோடியை யார் போடுவது என்று கேட்டார்கள். புருஷன் போனவளுக்கு உடன்பிறந்தவன் போட வேண்டிய சேலை அது. எனக்கு இருப்பது நீ ஒருவன். முக்கால் மணி நேரம் அவரைக் கிடத்திவைத்துக் காத்திருந்தோம். கடைசியில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த பழனியப்பன் பெரியப்பா, எழுபத்தெட்டு வயசு, கடைக்கு ஓடி ஒரு சேலை வாங்கிவந்து என் தோளில் போட்டார். நீ ஐந்து மணிக்கு வந்தாய். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அதைக் கழற்றவும் உனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது.

அவர் லோரி வரிசையில் காத்திருக்கும் நேரமெல்லாம் குழந்தைக்கு வீடியோ எடுத்துவைப்பார். "கார்த்திகா குட்டி, அப்பா இன்னும் கியூவுலதான் இருக்கேன். அதோ பாரு, பச்சைப் பெட்டி. அடுத்தது என்னா கலர், சொல்லு பாப்போம்" என்பார். அவள் நிறம் கற்றுக்கொண்டதே அதில்தான். மொத்தம் அறுபத்து மூன்று. தினம் ஒன்றைப் பார்க்காமல் அவள் தூங்குவதில்லை. அவருடைய குரல் என்று இந்த வீட்டில் இருப்பது அதுதான். இப்போது சில வீடியோக்களைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் விஷ்ணுப்ரியா பார்த்துவிட்டு, வீடியோ போனில் இல்லை அக்கா, கம்பெனியின் கிளவுடில் இருக்கிறது என்றாள். அவர் போன் வாங்கிய அன்று, போன வருஷத் தீபாவளிச் சந்தையில், உன் கம்பெனிக் கூடாரத்தில் நீதானே இதையெல்லாம் போட்டுக் கொடுத்தாய். அதைத் திரும்ப போனுக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

குமுதா

பிரிக்ஃபீல்ட்ஸ்
28 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோடி போட நான் அங்கே இருந்திருக்க வேண்டும். நீ எழுதியதே போதும் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

வீடியோ பற்றிக் கவலையே வேண்டாம். போனில் இடம் அடைக்காமலிருக்க அத்தான் போனில் ஒரு வசதியைப் போட்டுவிட்டேன். எடுத்தது எல்லாம் கிளவுடுக்குப் போய்விடும், போனில் சின்னப் படம் மட்டும் நிற்கும். வட்டம் சுற்றுவது உன் வீட்டு லைன் மந்தமாக இருப்பதால். போன் கீழே விழும், தண்ணீரில் நனையும், திருடு போகும். எங்களிடம் இருப்பது எங்கேயும் போகாது. பேங்க் லாக்கரை விடப் பத்திரம்.

பொங்கலுக்கு வருகிறேன். வந்து அறுபத்து மூன்றையும் ஒரு டிஸ்கில் போட்டுத் தருகிறேன். அரை மணி நேர வேலை.

உன் தம்பி,
விமலன்

கிள்ளான்
30 ஜனவரி 2024

தம்பி விமலனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரவில்லை. தைப்பூசத்துக்கும் வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். இந்தக் கடிதம் உன்னிடம் வர நான்கு நாள். நீ கடிதத்தை விட மெதுவாக வருகிறாய்.

திட்டவில்லை. பொங்கலன்று உனக்கென்று ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துவைத்தேன், மறுநாள் நானே சாப்பிட்டேன். கார்த்திகா உன் போட்டோவைக் காட்டி, "மாமா எப்பம்மா வருவாங்க" என்றாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்கும் முன்பு இருந்த அளவு இல்லை. அடுத்த தடவை நீ அடித்தால் போனை எடுத்தாலும் எடுப்பேன். அதற்குள் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம். பூக்கடை வீரம்மா அக்காவும் உன் கூடாரத்தில் சேர்ந்தவர்தானே. அவர் மகள் மலர்விழியின் கல்யாணப் படங்களும் அதே மாதிரி வட்டம் சுற்றுகிறதாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்து பார். அன்று கூடாரத்தில் நீ எல்லாரிடமும் ஈமெயில் கேட்டது ஞாபகம் வருகிறது. உன் அத்தான், "எனக்கு எதுக்குப்பா ஈமெயில், நான் என்னா ஆபீசரா" என்றார். "பரவால அத்தான், நானே ஒண்ணு போட்டுக்கிறேன்" என்று நீயே ஏதோ தட்டினாய். வீரம்மா அக்காவுக்கும் அப்படித்தான். அதில் ஏதாவது சிக்கலா என்று பார்.

அன்புடன்,
அக்கா

பிரிக்ஃபீல்ட்ஸ்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் குழந்தையும் சௌக்கியம்தானே. வெயில் கடுமையாக இருக்கிறது. அவளுக்கு நிறையத் தண்ணீர் கொடு. இரண்டு வாரமாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. டாக்டர் வயிறுதான் என்கிறார்.

வேலை அதிகம். மேனேஜர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. மார்ச் கடைசியில் இன்டர்வியூ. அதற்கு முன்னால் எங்கள் பிரிவில் எல்லாருடைய வேலையையும் தோண்டிப் பார்க்கிறார்கள். அது முடியட்டும், வந்துவிடுகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். அத்தான் அந்த வீடியோக்களை வாட்சாப்பில் வேறு யாருக்காவது அனுப்பியிருக்கிறாரா? லோரி நண்பர்களுக்கு, அவர் அக்காவுக்கு? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீ போனில் எதையும் அழுத்தாதே, மாற்றாதே.

இத்துடன் ஒரு பார்சலும் வரும். அன்று நான் போட்டிருக்க வேண்டியது. அம்மாவுக்குப் பிடித்த அந்தச் சாம்பல் நீலம். லிட்டில் இந்தியாவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். காலம் கடந்த கோடிதான். மறுக்காமல் வாங்கிக்கொள்.

விமலன்

கிள்ளான்
10 மார்ச் 2024

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருவரும் நலம். தூக்கத்துக்கு முன்னால் வெந்நீரில் சீரகம் போட்டுக் குடி. வயிறு கேட்கும்.

சேலை வந்தது. நான் உன்னைத் திட்டியதற்கெல்லாம் நீ இப்படி ஒரு பதில் வைத்திருப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். இப்போது கட்ட மாட்டேன். செப்டம்பரில் அவருக்கு வருஷ திதி வருகிறது, அன்று கட்டுவேன். அதற்கு நீ முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். யாருக்கும் அனுப்பவில்லை. அவர் கூச்சக்காரர், உனக்குத் தெரியாதா. மகளுக்கு எடுத்ததை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்பார். அந்த அறுபத்து மூன்றும் அங்கே மட்டும்தான் இருக்கின்றன. திதியன்று சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். பெரியப்பாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டாய்?

உன் அக்கா,
குமுதா

கிள்ளான்
22 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்ததா? ஆறு வாரமாகிறது. சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது. நேற்று மனசு கேட்காமல் நானே உனக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. இந்தத் தடவை நீ எடுக்கவில்லை.

வீரம்மா அக்கா கடையில் யாரோ சொன்னார்களாம், நொவாரியில் அந்தப் படச் சேவையை மூடப்போகிறார்கள், இருக்கிறதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று. "ஒன் தம்பிகிட்டக் கேளும்மா" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அப்படி இருந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லியிருப்பான்லா" என்றேன். அவரும் நிம்மதியாகப் பூக்கட்டப் போனார்.

இன்டர்வியூ என்ன ஆயிற்று? ஒரு வரி போதும்.

அக்கா

கிள்ளான்
3 ஜூன் 2024

விமலனுக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை வட்டமாவது சுற்றியது. சனிக்கிழமை காலையில் அதுவும் இல்லை.

விஷ்ணுப்ரியா என்னை சுபாங் ஜெயாவில் இருக்கும் நொவாரி கவுண்டருக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். "மே முப்பத்தொண்ணோட சேவை முடிஞ்சிருச்சு ஆன்டி. சர்வரையே காலி பண்ணிட்டாங்க. பிப்ரவரியிலேர்ந்து மூணு தடவ மெயில் போட்டோமே" என்றாள். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். எந்த முகவரி என்று பார்த்துச் சொன்னாள். போனை என் பக்கம் திருப்பியும் காட்டினாள். விமலன், புள்ளி, கிள்ளான், 317.

"யாரு ஆன்டி இது விமலன்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் அந்த மெயில் உனக்கு வந்திருக்கிறது. வீரம்மா அக்காவுக்கு வர வேண்டியதும் உனக்குத்தான் வந்திருக்கிறது. படத்தை இறக்குவதற்கான ரகசிய எண்ணும் அதே முகவரிக்குத்தான் வரும் என்றாள். நான் என்ன செய்திருந்தாலும் நீ இல்லாமல் எடுத்திருக்க முடியாது.

ஒரே ஒரு கேள்வி. சேலை அனுப்பியபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

குமுதா

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 ஜூன் 2024

அக்காவுக்கு,

தெரியும்.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடாரம் போட்ட அந்தத் தீபாவளியில், ஆள் சேர்க்க எங்களுக்கு ஒரு எண்ணிக்கை வைத்திருந்தார்கள். வருகிற அக்காமார், அங்கிள்மார் பாதிப் பேருக்கு ஈமெயில் இல்லை. ஈமெயில் இல்லாமல் சேர்க்க முடியாது. எங்கள் ஆபீஸ் மெயிலில் ஒரே பெட்டிக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் என் பெயரையே போட்டு ஒன்று, இரண்டு என்று நம்பர் வைத்துக்கொண்டே போனேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வரை போயிற்று. அதற்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்து மேடையேற்றினார்கள்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை ஆபீசில் பெட்டியைத் திறந்தால் ஒரே மெயில் அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை வந்திருந்தது. சேவையை மூடுகிறோம், மே கடைசிக்குள் உங்கள் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் தலைமைக்கு இன்டர்நெட் ஆசை தீர்ந்துவிட்டது, மறுபடியும் போன் மட்டும் விற்கப் போகிறார்கள். எனக்கே அந்த மெயிலில்தான் தெரியும். நான் நினைத்திருந்தால் அன்றே அத்தானுடையதைத் திறந்து, வருகிற எண்ணைப் போட்டு, அரை மணியில் இறக்கியிருக்கலாம். ஆனால் கணக்கு வாரியாக யார் திறக்கிறார்கள் என்று அப்போது சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டால் அறுநூறும் ஒரே ஆள் என்று வெளியே வரும். மேனேஜர் பதவி போகும். இன்டர்வியூ முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. பதவி உறுதியாகட்டும் என்று நினைத்தேன். அதுவும் ஏப்ரலில் உறுதியானது. நீ போன் செய்த அன்று போன் என் கையில்தான் இருந்தது. நாளைக்கு எடுத்துக்கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

மே பதினேழு. எங்கள் பிரிவு முழுவதையும் ஒரே காலையில் வெளியே அனுப்பினார்கள். நான் லிஃப்டில் ஏறும்போதே என் மெயிலைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினான்கு நாள் இருந்தது அக்கா. பழைய பாஸ் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னென்னவோ செய்தேன். பெட்டி திறக்கவில்லை.

அத்தானின் குரலை அழிக்க நான் நினைக்கவில்லை. சாமி சத்தியமாக இல்லை. தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். உனக்கு இது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. இப்போது வேலையும் இல்லாமல் வீட்டில் கிடக்கிறேன். திதிக்கு வரட்டுமா? வேண்டாம் என்றால் ஒரே ஒரு தடவை போனில் பேச விடு. நேராக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.

விமலன்

கிள்ளான்
12 செப்டம்பர் 2024

விமலனுக்கு,

திதி முடிந்தது. உன் கடிதத்துக்கு அதுவரை பதில் எழுதாமலிருந்தது வேண்டுமென்றேதான்.

சாப்பாடு ஆனதும் பெரியப்பா, "அந்த வீடியோவப் போடும்மா, மாப்பிள்ள பேசறதக் கேப்போம்" என்றார். மார்ச்சில் நான் சொல்லிவைத்தது, மனுஷர் மறக்கவில்லை. போனைக் கொடுத்தேன். அறுபத்து மூன்று சின்னப் படம் இன்னும் வரிசையாக நிற்கிறது. எல்லாவற்றிலும் அவர் வாய் திறந்திருக்கிறது. தொட்டால், "இந்தச் சேவை முடிவடைந்தது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி" என்று வருகிறது. பெரியப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவதில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

கார்த்திகாவுக்கு நான்கு வயசாகிவிட்டது. போன வாரம், "அப்பா எப்படிம்மா பேசுவாங்க?" என்று கேட்டாள். நான் தொண்டையைத் தடிப்பாக்கி, பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று பேசிக் காட்டினேன். "அது அம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீரம்மா அக்கா இப்போதும் எனக்குப் பூக் கொடுக்கிறார். உன்னைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. மற்ற அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் நீ ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுத உனக்கு அவர்கள் பெயர் தெரியாது, நம்பர்தான் தெரியும். என் புருஷன் உனக்கு முன்னூற்றுப் பதினேழு. அவருக்கு யுகேந்திரன் என்று ஒரு பெயர் இருந்தது. உன் நான்கு கடிதத்தில் ஒரு இடத்திலும் அது இல்லை, பார்த்தேன்.

தள்ளிப்போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. தெரிந்துகொண்டு, வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று என்னிடமே விசாரித்த கையோடு, ஒரு சேலையையும் அனுப்பினாய். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த நாளை நினைத்தால் உன்னை விட என்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது. திதியன்று நான் கட்டியது பெரியப்பா ஓடிப்போய் வாங்கிவந்த சேலை. உன்னுடையது இந்தப் பார்சலில் இருக்கிறது. மடிப்புக் கலையவில்லை.

வயிற்றைப் பார்த்துக்கொள். கூடப்பிறந்த பாசம், அதைச் சொல்லாமல் எழுதி முடிக்க வரவில்லை.

இனி எழுதாதே. போனும் செய்யாதே. ஒரே ஒரு தடவை பேச வேண்டும் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் வாசலில் நின்று ஒரு குரல் எனக்குக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அது உன்னுடைய குரல், விமலா. அவருடையது இல்லை.

குமுதா